ஆறு கென்டக்கிக்குச் சொந்தம்

சின்சினாட்டி வடக்கா தெற்கா என்று கேட்டால் அமெரிக்கர்கள் சாப்பாட்டிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். ஐஸ் டீ சர்க்கரை போட்டே வருகிறதா, காலையில் கிரிட்ஸ் கிடைக்குமா, 'நீங்கள்லாம்' என்பதற்கு 'யால்' சொல்கிறார்களா. பால்டிமோர், லூயிவில், செயின்ட் லூயிஸ் என எல்லா எல்லைப்புற நகரங்களுக்கும் இதே பட்டியல்தான். வேலை நிமித்தமாக இரண்டு வருடம் சின்சினாட்டியில் இருந்தபோது மதியச் சாப்பாட்டு மேஜையில் இந்த விவாதத்தைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஜாலியான விவாதம், யார் மனமும் புண்படாது. அதனாலேயே எனக்கு அதன் மேல் ஒரு சந்தேகம்.

பட்டியலில் சரக்கு இல்லாமல் இல்லை. ஆற்றைத் தாண்டி நெடுஞ்சாலையில் தெற்கே போனால் ஃப்ளாரன்ஸ் என்ற ஊரின் தண்ணீர்த் தொட்டி தெரியும். 'ஃப்ளாரன்ஸ் மால்' என்று எழுதியிருந்ததில் சட்டச் சிக்கல் வரவே, 1974-இல் ஒரே எழுத்தைத் திருத்தி 'ஃப்ளாரன்ஸ் யால்' ஆக்கிவிட்டார்கள். ஆற்றுக்கு வடக்கே, நாம் சொன்னது காதில் விழாவிட்டால் பழைய சின்சினாட்டிக்காரர்கள் 'ப்ளீஸ்?' என்பார்கள். ஜெர்மானியக் குடியேறிகள் விட்டுப்போன பழக்கம். மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையும் ஒஹாயோவை மத்திய மேற்கிலும் கென்டக்கியைத் தெற்கிலும் வைத்து ஆற்றையே கோடாக எடுத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் சின்சினாட்டியின் விமான நிலையம் இருப்பது கென்டக்கியில், பூன் கவுண்டியில். அந்த ஊருக்கு டிக்கெட் வாங்கினால் இறங்குவது தெற்கில்.

அதே பூன் கவுண்டியிலிருந்துதான் 1856 ஜனவரியில் மார்கரெட் கார்னர் என்ற அடிமைப்பெண் குடும்பத்தோடு, உறைந்து கிடந்த ஒஹாயோ ஆற்றை நடந்தே கடந்து சின்சினாட்டிக்கு வந்தார். சில மணி நேரத்தில் பிடிக்க ஆள் வந்துவிட்டது. அவர்கள் கையில் சிக்கும் முன் தன் இரண்டு வயது மகளைக் கொன்றார். டோனி மாரிசனின் 'பிலவ்ட்' (1987) இந்தச் சம்பவத்திலிருந்து கிளைத்த நாவல். அதைப் பேய்க்கதையாகவும் தாய்மையின் கதையாகவும் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு அது ஒரு சின்சினாட்டி நாவல். மதிய மேஜையின் கேள்விக்கு நான் படித்தவற்றில் நேர்மையான பதில் அதில்தான் இருக்கிறது.

மாரிசனுக்கு முன்னால் அந்த ஆற்றை எழுதியவர் ஹாரியட் பீச்சர் ஸ்டோவ். 1832-லிருந்து 1850 வரை சின்சினாட்டியில் வாழ்ந்தவர். 'அங்கிள் டாம்ஸ் கேபின்' நாவலில் எலைஸா குழந்தையை அணைத்துக்கொண்டு பனிப்பாளங்களில் தாவித் தாவிக் கரையேறுவாள். ஏறியதும் ஒரு கை நீண்டு தூக்கிவிடும். தப்பி வந்தவர்களைப் பிடித்துக் கொடுக்கும் சட்டத்துக்கு ஓட்டுப் போட்ட செனட்டரே அவளுக்கு உதவுவார். ஒஹாயோ போதாது என்று ஸ்டோவுக்கும் தெரியும், அதனால்தான் எலைஸாவைக் கனடா வரை அனுப்புகிறார். இருந்தாலும் வடகரையில் நல்ல மனசு இருந்தால் சட்டம் வளைந்துகொடுக்கும் என்று நம்புகிறார். 1852-இல் அப்படி எழுத வேண்டியிருந்தது. வாசகர்களின் மனசைத்தானே அவர் மாற்ற வேண்டும்.

1850-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி வளையக்கூடியது இல்லை. பிடிபட்டவர் தன் தரப்பில் சாட்சி சொல்ல முடியாது, ஜூரி கிடையாது. அடைக்கலம் கொடுத்தவருக்கு 1000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. ஆற்றுக்கு வடக்கே உள்ள ஒவ்வொருவரையும் தெற்கின் வேலையாள் ஆக்கிய சட்டம். மாரிசன் இதைப் பிரசங்கமாகச் சொல்வதில்லை. சேதே கென்டக்கியிலிருந்து தப்பி சின்சினாட்டியின் ஓரத்தில் மாமியார் வீட்டுக்கு வந்து 28 நாள் சுதந்திரமாக இருக்கிறாள். அதற்குப் பிறகு வாசலுக்கு நான்கு பேர் குதிரையில் வருகிறார்கள். பள்ளியாசிரியர், அவருடைய உறவுக்காரப் பையன், ஆள்பிடிப்பவன், நான்காவதாக ஷெரிஃப். முதல் வாசிப்பில் நான் ஷெரிஃபைக் கவனிக்கவே இல்லை. இப்போது அவரைத்தான் பார்க்கிறேன். மற்ற மூவருக்கும் அந்த முற்றத்தில் நிற்கும் உரிமையைக் கொடுப்பது அவர் உடன் வந்திருப்பதுதான்.

இன்னொரு இடம். சேதேயின் மகள் டென்வர் பிறப்பது ஆற்றோரம் ஒரு ஓட்டைப் படகில், தண்ணீர் உள்ளே ஏறிக்கொண்டிருக்கும்போது. எதிர்க்கரை கண்ணுக்குத் தெரிகிறது. வழக்கமாக இதை இரண்டு உலகங்களுக்கு நடுவே ஒரு பிறப்பு என்று வாசிப்பார்கள். சட்டப்படி அப்படி ஒரு நடுவே கிடையாது. இரண்டு மாநிலங்களின் எல்லை ஆற்றின் மத்தியில் இல்லை; 1792-இல் வடகரையோரம் தண்ணீர் தாழ்ந்து நின்ற கோடுதான் எல்லை என்று 1980-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதாவது அநேகமாக ஆறு முழுக்க கென்டக்கி. மாரிசன் இதை யோசித்துத்தான் எழுதினார் என்று நான் வாதாட மாட்டேன். எஞ்சினியர் புத்தி, எல்லைக்கோடு என்றால் எங்கே போட்டிருக்கிறார்கள் என்று பார்க்கச் சொல்கிறது.

நாவலின் பிற்பகுதியில் வரும் பாட்வின்கள் நல்லவர்கள், அடிமை ஒழிப்பைத் தீவிரமாக ஆதரித்த வெள்ளையர்கள், சேதே குடும்பத்துக்கு வீடு கொடுத்தவர்கள். வேலை கேட்டு அவர்கள் வீட்டுக்குப் போகும் டென்வர், பின்வாசல் பக்கம் ஒரு பொம்மையைப் பார்க்கிறாள். மண்டியிட்ட கறுப்புச் சிறுவன், அகலத் திறந்த வாய் நிறையச் சில்லறை. அந்த வீட்டில் யாருக்கும் அது உறுத்தவில்லை. மாரிசன் அதற்கு ஒரு வார்த்தை கண்டனம்கூட எழுதாமல் கடந்துபோகிறார். சர்க்கரை போட்ட டீயை வைத்துத் தெற்கைத் தேடுகிறவர்கள் இந்த அலமாரியைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

எனக்கு நாவலோடு ஒரு பிணக்கு உண்டு. மகளைக் கொன்ற சேதேயைப் பள்ளியாசிரியர் பழுதாகிப்போன சொத்து என்று கணக்குப் போட்டு விட்டுப் போய்விடுகிறார். அவள் சிறைக்குப் போய் வெளியே வந்து சின்சினாட்டியிலேயே வாழ்கிறாள். பேயோடு ஒரு வீட்டில் வாழ வேண்டுமென்றால் அவள் அங்கேதான் இருந்தாக வேண்டும், கதையின் தேவை புரிகிறது. ஆனால் இதனால் நாவல் அந்த நகரத்துக்குச் சலுகை காட்டிவிடுகிறது.

நடந்தது வேறு. மார்கரெட்டின் வழக்கறிஞர் தன் கட்சிக்காரர் மேல் கொலைக்குற்றம் சாட்டி விசாரிக்கச் சொல்லி வாதாடினார். கொலை என்றால் ஒஹாயோ சட்டம், ஒஹாயோ சிறை. குற்றவாளிக்கூண்டில் நிற்பது ஒரு மனுஷி. தப்பி வந்த அடிமை என்றால் சொத்து, உரிமையாளரிடம் ஒப்படைத்துவிடலாம். சின்சினாட்டியில் உட்கார்ந்து அந்த விசாரணையை நடத்திய மத்திய அரசின் அதிகாரி சொத்து என்றே தீர்மானித்தார். குடும்பத்தை ஆற்றின் குறுக்கே படகில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். பிறகு ஒஹாயோ ஆளுநர் கொலை விசாரணைக்காக அவரைக் கேட்டு ஆள் அனுப்பியபோது உரிமையாளர் அவரைக் கைக்கெட்டாத தொலைவுக்குக் கொண்டுபோயிருந்தார். 1858-இல் மிசிசிப்பியில் டைஃபாய்டு கண்டு மார்கரெட் இறந்தார், அடிமையாகவே.