கரவனெல்லையும் வரப்போகும் கைத்தொலைபேசியும்

ஆண்டுதோறும் செப்டெம்பர் மாதம் நெருங்கும்போது நம் பத்திரிகைப் பக்கங்களில் ஒரு தனி வகை எழுத்து தலைகாட்டத் தொடங்குகிறது. புதிய கைத்தொலைபேசி ஒன்று வரப்போகிறது என்பதே அதன் உள்ளடக்கம். இன்ன நிறம், இன்ன கனம், இருட்டிலும் படம் பிடிக்கும் இன்ன கண் என்று அது அடுக்கிச் செல்லும். நம் நாட்டு வலையமைப்புகளில் எப்போது கிடைக்கும், முன்பதிவு செய்வோருக்கு என்ன சலுகை என்று முடியும். இதை வெறும் விளம்பரம் என்று தள்ளிவிட்டுக் கதை, கவிதைகளின் பக்கம் திரும்புவது விமரிசகனுக்கு எளிது. நாம் அவ்வாறு செய்யப் போவதில்லை. நம் இளைஞர்கள் ஆவலோடு, ஒரு சொல் விடாமல் வாசிக்கும் எழுத்து இன்று இதுவே. மக்கள் வாசிப்பதைப் படிக்க மறுக்கும் விமரிசனம் யாருக்காக எழுதப்படுகிறது?

அண்மைய உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். 2025 செப்டெம்பர் 9ஆம் திகதி அமெரிக்காவின் அப்பிள் நிறுவனம் ஐபோன் 17 வரிசையை அறிவித்தது. அதில் 'எயார்' என்னும் ஒன்றின் தடிப்பு 5.6 மில்லிமீற்றர் மட்டுமே. அந்த எண்ணைச் சுற்றி எழுந்த வியப்புரைகளுக்கு அளவேயில்லை. நமக்கும் வியப்புத்தான், மனிதக் கையும் மூளையும் சேர்ந்து சாதித்ததை இகழ்வது நம் வேலையன்று. ஆனால் மில்லிமீற்றர்க் கணக்கில் வேலை செய்யும் மனிதன் கரவனெல்லையிலும் இருக்கிறான். விடியுமுன் இறப்பர் மலையில் ஏறிப் பால் வெட்டும் தொழிலாளி ஒவ்வொரு வெட்டிலும் சீவியெடுக்கும் பட்டை ஏறத்தாழ ஒன்று அல்லது ஒன்றரை மில்லிமீற்றர். கத்தி அதற்கு மேல் ஆழ்ந்தால் மரம் காயப்படும். ஆழாவிட்டால் பால் வராது. அளவுகோல் இல்லை, கண்ணாடி இல்லை, நெற்றியில் கட்டிய விளக்கு ஒன்றே துணை. இந்த நுட்பத்தைப் பற்றி எந்த முன்னறிவிப்பும் எழுதப்பட்டதில்லை.

கேகாலையிலிருந்து புளத்கொஹுபிட்டிய வழியாக இறங்கும் வீதியும், அவிசாவளையிலிருந்து ஹட்டனுக்கு ஏறும் வீதியும் சந்திக்கும் இடம் கரவனெல்ல. பக்கத்தில் களனி கங்கை. சுற்றிலும் இறப்பர், மேலே போகப் போகத் தேயிலை. 1936இல் கலாநிதி என். எம். பெரேராவை அரசாங்க சபைக்குத் தேர்ந்தெடுத்து அனுப்பிய ருவன்வெல்லத் தொகுதியின் மண் இது. கேள்வி கேட்கும் பழக்கம் இப்பிரதேசத்துக்குப் புதியதன்று.

முதற் கேள்வி விலை. ஐபோன் 17இன் அமெரிக்க விலை 799 டொலர். டொலரொன்று ஏறத்தாழ 300 ரூபா என்று கொண்டால், வரி எதுவும் சேராமலே 2,40,000 ரூபாவை அண்மிக்கிறது. 2024 செப்டெம்பர் வர்த்தமானியின்படி தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. ஆக, 178 பேர். தோட்டத்து வழக்கில் ஒரு நாள் முழு வேலைக்கு ஒரு 'பேர்'. நிர்ணயித்த நிறை வராவிட்டால் அரைப் பேர். மழை பெய்த காலையில் இறப்பர் வெட்டு இல்லை. களனிப் பள்ளத்தாக்கில் மழைக்குக் குறைவும் இல்லை. எனவே இந்த 178 பேரைப் பஞ்சாங்கத்தில் 178 நாட்கள் என்று எண்ணிவிடக் கூடாது. 2025 நவம்பரில் வாசிக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டம் அடிப்படைச் சம்பளத்தை 1,550 ரூபாவாக உயர்த்தவும், வருகைக் கொடுப்பனவாக அரசு 200 ரூபா சேர்க்கவும் முன்மொழிந்தது. முழுவதும் கைக்கு வந்தாலும் 137 பேர். அரிசியும் மாவும் வாங்காமல், பிள்ளைக்குக் கொப்பி வாங்காமல், சந்தா கட்டாமல் 137 பேர். இதன்மேல் பெறுமதி சேர் வரி 18 வீதம். 2024 ஜனவரி முதல் அந்த வரி, விலையுயர்ந்த கருவிக்கு மட்டுமன்றி, லயத்துக் குடும்பம் தவணைக்கு வாங்கும் மலிவான தொலைபேசிக்கும் உண்டு.

"ஐபோன் அவனுக்காக வரவில்லையே, பிறகு ஏன் இந்தக் கணக்கு?" என்று வாசகர் கேட்கலாம். உண்மை, அது அவனுக்காக வரவில்லை. ஆனால் வரவில்லை என்பதை அந்த எழுத்து எங்கேனும் சொல்கிறதா? எல்லோரையும் அழைப்பது போல் பேசுகிறது. 'நீங்கள்' என்கிறது. அந்த 'நீங்கள்' யார் என்பதை ஆராய்வதே நம் வேலை.

இரண்டாவது விடயம் அலை. கருவி எதுவாயினும் காற்றில் அலை இல்லாவிட்டால் அது கண்ணாடித் துண்டுதான். தாழ்ந்த அதிர்வெண் தொலைவு செல்லும். மேடு பள்ளங்களையும் ஓரளவு வளைந்து கடக்கும். அதிர்வெண் உயர உயர வேகமும் கொள்ளளவும் கூடும். ஆனால் எட்டும் தூரம் குறையும், மலையும் மரமும் சுவரும் தடுத்துவிடும். நம் நாட்டில் நான்காம் தலைமுறைச் சேவை 2013இல் 1800 மெகாஹேர்ட்ஸில் வந்தது. ஐந்தாம் தலைமுறைக்கு உலகெங்கும் பெரிதும் பயன்படும் அலைவரிசை 3500 மெகாஹேர்ட்ஸை ஒட்டியது. கொழும்பின் சமதரையிலும் மாடிகளிலும் கம்பங்களை நெருக்கமாக நட்டு இதைச் சமாளிக்கலாம். நட்ட செலவு நகரத்துச் சந்தாதாரரிடமிருந்து திரும்பியும் வரும். இரண்டு மலைகளுக்கிடையே குனிந்து கிடக்கும் லயத்துக்காக ஒரு கம்பம் நட எந்தக் கம்பனி முன்வரும்? இலாபக் கணக்குக்கு அது ஒத்துவராது. ஆகவேதான் தோட்டப்புறத்தில் ஒரே தொலைபேசியில் இரண்டு சிம் போடும் வழக்கம் நிலவுகிறது: வீட்டு வாசலில் ஒன்று பிடிக்கும், வேலை மலையில் மற்றது பிடிக்கும். மேலே சொன்ன 5.6 மில்லிமீற்றர்க் கருவியிலோ சிம் அட்டை நுழைக்கும் துளையே இல்லை. இந்தத் தரவு முன்னறிவிப்புகளில் இடம்பெறாமலில்லை. கடைசிப் பத்தியில், சிறு குறிப்பாக, முன்னேற்றத்தின் அடையாளமாக இடம்பெறுகிறது.

நாம் இதுவரை சொன்னதைக் கேட்டுச் சில முற்போக்கு நண்பர்கள் மகிழ்ந்திருப்பார்கள். அவர்களோடும் நமக்குச் சண்டை உண்டு. தோட்டத்து இளைஞன் புதிய தொலைபேசிக்காகக் காத்திருப்பதைக் கண்டால் அவர்கள் முகம் சுளிக்கிறார்கள். நுகர்வு மோகம் என்கிறார்கள். சங்கக் கூட்டத்துக்கு வராமல் திரையைத் தடவுகிறான் என்கிறார்கள். பங்களா வராந்தாவில் நின்று, "கூலிக்காரனுக்கு எதற்கு இந்தப் போன்?" என்று கேட்ட குரலுக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்? அந்த ஆவலின் வேரைக் காண வேண்டுமானால் மலையகத்தின் தபாற் பையைத் திறந்து பார்க்க வேண்டும்.

இலங்கையில் செல்டெல் நிறுவனம் 1989இல் தொடங்கிய கைத்தொலைபேசிச் சேவை தெற்காசியாவிலேயே முதலாவது. 1993இல் மொபிடெல்; 1995இல் ஜி.எஸ்.எம். முறையில் டயலொக். அண்டை நாடுகளுக்கு முன்னோடி என்று நாம் பெருமைப்பட்டுக்கொண்டோம். அந்த ஆண்டுகளில் லயத்து மனிதனுக்கு வந்த கடிதம் எங்கே போயிற்று? தோட்டத்து ஆபீசுக்கு. லயத்து அறைக்கு வீட்டிலக்கம் இல்லை, தெருப்பெயர் இல்லை. தோட்டத்தின் பெயர், டிவிஷனின் பெயர், அதற்குக் கீழே அவன் பெயர். தபால்காரன் பையை ஆபீசில் இறக்குவான், கிளாக்கர் பிரிப்பார், பிறகு யார் மூலமாவது, எப்போதாவது அது வந்து சேரும். நேர்முகப் பரீட்சை அழைப்பு பரீட்சை முடிந்த பின் கிடைத்த கதைகள் மலையகம் எங்கும் உண்டு. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவனது நாட்டைப் பறித்தது. நாட்டைத் திரும்பப் பெற்ற பின்னரும் முகவரி கிடைத்தபாடில்லை. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின; 1992இல் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளின் கைக்குப் போயிற்று. முதலாளி மாறினான், தபாற் பை மாறவில்லை. இலக்கமிட்ட தனிமுகவரிக்கான கோரிக்கை இன்றும் பல தோட்டங்களில் உயிரோடிருக்கிறது.

இந்த நிலையில், யாருடைய ஆபீசையும் தொடாமல், எந்தத் துரையின் மேசையையும் கடக்காமல், அவன் பெயரைத் தேடி நேரே அவன் சட்டைப் பைக்கு வந்து சேர்ந்த முதல் முகவரி பத்து இலக்கங்கள் கொண்ட ஒரு தொலைபேசி எண். இதை உணராதவர்களால் அவன் ஆவலை உணர முடியாது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் பிரிந்து நீலகிரிக்குப் போன அண்ணனின் பேரப்பிள்ளைகளை, லயத்து வாசலில் குந்தியிருக்கும் ஆத்தா இன்று கண்ணால் பார்த்துப் பேசுகிறாள். குவைத்தில் வீட்டு வேலைக்குப் போன மகளுக்கு இங்கே பிள்ளைக்குக் காய்ச்சல் என்பது அன்றிரவே தெரிகிறது. முன்னறிவிப்புகள் போற்றும் அந்தக் கமெராக் கண், மலை உச்சிச் சூரியோதயத்தைப் பிடிப்பதற்கல்ல, தூரத்து முகமொன்றைத் துலக்கமாகக் காண்பதற்கே இங்கு வேண்டியிருக்கிறது. இது மோகமானால், கடிதத்துக்காகக் காத்திருந்ததும் மோகமே.

அந்த முகவரியின் மீதும் இப்போது முத்திரை குத்தப்படுகிறது. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, தன்னிடம் பதிவுபெறாத கருவிகள் 2025 ஜனவரி 28க்குப் பின் உள்நாட்டு வலையமைப்புகளில் புதிதாக இணைய முடியாது என அறிவித்தது. களவும் கள்ள இறக்குமதியும் தடுக்கப்பட வேண்டியவையே, மறுப்பில்லை. கருவியின் அடையாள எண்ணை 1909க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பிச் சரிபார்க்கலாம் என்ற வழியும் உண்டு. ஆனால் வெளிநாட்டில் உழைத்துத் திரும்பும் பெண் தம்பிக்கென்று பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரும் தொலைபேசியும், பட்டணத்துக் கடையில் இரண்டாங்கையாக வாங்கியதும் எந்தக் கணக்கில் சேரும் என்பதை, வாங்குமுன் அவர்களுக்குப் புரியும் மொழியில் சொன்னவர் யார்? புதிய கருவியின் நிறத்துக்கு அரைப்பக்கம் ஒதுக்கும் எழுத்தாளர்கள் இதற்கு ஐந்து வரி ஒதுக்கியிருக்கலாம்.

மொழி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. புதிய தொலைபேசிக்காகத் தமிழர்கள் உண்மையாகவே காத்திருந்த காலம் ஒன்று இருந்தது. தமிழ் எழுத்துத் தெரியுமா என்பதே அன்றைய கேள்வி. யுனிகோட் முறையில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றுவிட்டபோதும், கைத்தொலைபேசித் திரையில் நம் எழுத்து பல்லாண்டுகள் வெற்றுச் சதுரங்களாகவும் கொம்பு இடம்மாறிய கோலத்திலும் வந்தது. மலேசியாவின் முத்து நெடுமாறன் ஆக்கிய 'செல்லினம்' 2005ஆம் ஆண்டுத் தைப்பொங்கலன்று சிங்கப்பூரில் வெளியாயிற்று. ஐபோனில் தமிழ் விசைப்பலகை 2013இல்தான் வந்தது. அது கம்பனிகள் தாமாக ஈந்த வரமன்று. தமிழ் அறிந்தவர்களின் உழைப்பால் வந்தது. இன்று மலிவான கருவியிலும் தமிழ் தெரிகிறது. தெரிவதற்குத் தமிழில் என்ன அனுப்பப்படுகிறது என்பதுதான் கேள்வி.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது பாடம் தொலைபேசிக்குள் புகுந்தது. வீட்டுக்கு ஒரு கருவி, அதுவும் அப்பனோடு வேலைக்குப் போய்விடும்; இரவு ரீலோட் போட்டால் காலை வகுப்பு. அலை தேடிப் பிள்ளைகள் மலையேறினர். பதுளை மாவட்டத்துப் போஹிட்டியாவ என்னும் சிங்களக் கிராமத்தில் ஆசிரியையும் மாணவரும் காட்டுப்பாறை ஏறிப் படித்த காட்சி 2021இல் உலகப் பத்திரிகைகளில் வந்தது. ஏழைச் சிங்களப் பிள்ளைக்கும் ஏழைத் தமிழ்ப் பிள்ளைக்கும் அந்தப் பாறை பொதுவானது என்பதை இனவாதம் பேசுவோர் கவனித்தார்களோ என்னவோ.

இதனினும் கொடியது மண். 2016 மே மாத மழையில் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் கிராமங்கள் புதைந்தன; கரவனெல்லையிலிருந்து வீதியேறினால் வரும் புளத்கொஹுபிட்டியவில் களுபஹனத் தோட்டத்து லயமும் உள்ளே இருந்த மனிதர்களோடு புதைந்தது. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மலைநாட்டில் வீதியும் மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் ஒருங்கே அறுந்தன. எச்சரிக்கைகள் தமிழில் உரிய நேரத்தில் வரவில்லை என்ற குறை அப்போது வெளிப்படையாகவே எழுந்தது. ஒரு கம்பத்தின் கீழுள்ள எல்லாத் தொலைபேசிகளுக்கும், எண் தெரியாமலே, ஒரே நேரத்தில் செய்தி அனுப்பும் முறை புதிதன்று. அனர்த்த எச்சரிக்கைக்காக அம்முறையைப் பயன்படுத்தும் வலையமைப்பொன்று மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் பங்களிப்போடு 2009இலேயே நம் நாட்டில் தொடங்கிவைக்கப்பட்டிருந்தது. அதைப் பெறுவதற்கு 5.6 மில்லிமீற்றர்க் கருவி வேண்டியதில்லை. பழைய பொத்தான் தொலைபேசி போதும். மின்சாரம் போன பின்னும் சில மணி நேரம் நின்றெரியும் மின்கலம் அந்த மலைக்கம்பத்தில் இருக்க வேண்டும். இரவு பதினொரு மணிக்குக் கொழும்பிலுள்ள அந்த நாற்காலியில் தமிழ் எழுதத் தெரிந்த உத்தியோகத்தர் ஒருவரும் இருக்க வேண்டும்.