பேராதனைப் பூங்காவின் சித்திரக்காரர்

கண்டிமாநகருக்கு அணித்தாய், மகாவலி கங்கை வளைந்தோடும் பேராதனையில், 1821 ஆம் ஆண்டில் அலெக்சாந்தர் மூன் என்பார் தாவரவியற் பூங்காவை நிறுவினார். அங்குள்ள மரங்களைக் கண்டு வியப்போர் பலர். அவற்றை ஏட்டில் எழுதிய கைகளை நினைப்போர் சிலரே. அக்கைகளின் ஆக்கத்தை மதிப்பிடுதலே இச்சிறு கட்டுரையின் நோக்கமாகும்.

மூன் காலத்தில் அமர்த்தப்பெற்ற ஹர்மானிஸ் டி அல்விஸ் என்னும் சிங்களச் சித்திரக்காரர் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பூங்காவின் செடிகொடிகளை வரைந்தார். ஓர்க்கிட் இனமொன்றின் தாவரவியற் பெயரில் அல்விஸ் என்னும் பெயர் இன்றும் நின்று நிலவுகின்றது. அவர் மைந்தர்களும் அத்தொழிலையே மேற்கொண்டனர். பூங்காவின் தலைவராயிருந்த துவைற்ஸ் என்பாரின் மேற்பார்வையில் அவர்கள் தீட்டிய ஓவியங்களே, பிரெடெரிக் மூர் இயற்றி 1880 முதல் 1887 வரை மூன்று பாகங்களாக வெளிவந்த இலங்கை வண்ணத்துப்பூச்சி நூலுக்கு உயிர்நாடியாயின. எனினும் நூலின் முகப்பிற் பொலிவது மூரின் பெயரேயாம்.

அவ்வோவியங்களின் சிறப்பு யாது? முதிர்ந்த பூச்சியின் அழகோடு அமையாது, மயிர்க்கொட்டியையும் கூட்டுப்புழுவையும் உடன் காட்டுதல் ஆகும். நம் வீட்டுத் தேசிமரத்தின் இலையைத் தின்னும் புழுவை அருவருத்து நசுக்குகின்றோம்; அதுவே பின்னர்ச் சிறகு பெற்று மலர்தோறும் உலாவும்போது மகிழ்கின்றோம். இரண்டும் ஓருயிரே என்னும் உண்மையை ஒரே தாளில் உணர்த்திய ஓவியன் நல்லாசிரியனுமாவான்.

ஆயின் ஒரு குறையும் சொல்லத்தகும். சிறகு விரித்த பூச்சிகள் பெரும்பாலும் வெறும் வெண்பரப்பில் நிற்கின்றன. அவை தேனருந்தும் மலரைக் காணோம். மறுபுறம், ஹென்றி ட்ரைமன் 1893 இல் வெளியிடத் தொடங்கிய இலங்கைத் தாவர நூலின் படங்களில் மலர் உண்டு. இதழும் கேசரமும் சூலகமும் பிரித்துக் காட்டப்பெற்றன. மகரந்தம் சுமக்கும் பூச்சி இல்லை. இவ்விரு நூல்களுக்கும் சித்திரம் வழங்கியது ஒரே குடும்பம் என்பது சிந்திக்கத்தக்கது. பூவையும் பூச்சியையும் அக்கைகள் நன்கு அறிந்திருந்தன. துறைதுறையாய் வகுத்த கல்வியே அவற்றை வெவ்வேறு நூலில் வைத்தது. குறை தூரிகையினதன்று என்க.

நம் சங்கப் புலவர் மலரைப் பாடுமிடத்து வண்டையும் உடன் பாடினர். குறுந்தொகையின் இரண்டாம் பாட்டு தும்பியை விளித்தே தொடங்குகின்றது. கண்டி நாட்டு விகாரைச் சுவர்களிலோ மலர், உருவங்களின் இடைவெளியை நிரப்பும் அணியாய் நிற்கின்றது. அதன் அழகு வேறு வகையது. ஆனந்த குமாரசுவாமி 1908 இல் வெளியிட்ட நூலில் அந்நாட்டு ஓவிய மரபை விரித்துரைத்துள்ளார். அல்விஸ் குடும்பத்தாரின் நுண்மையோடு சங்கப் புலவரின் நோக்கும் கூடுமாயின் முழுமையான ஓவியம் பிறக்கும்.

இன்று நம் மாணவர் பூவின்மேல் வண்ணத்துப்பூச்சியை எளிதில் வரைவர். இலையின் அடியிலுள்ள புழுவையும் வரையுமாறு ஆசிரியர் பணிப்பாராக. வரைவதற்காக ஒருநாள் உற்றுநோக்கிய கை, மறுநாள் அதனை நசுக்கத் தயங்கும். அத்தயக்கமே இக்கலை நமக்கு அளிக்கும் பெரும்பயன்.