புதுக்கோட்டைக்கு ஒரு வேன் பிடியுங்கள்!

யாராவது என்னிடம் "லீவுக்கு எங்கே போகலாம்?" என்று கேட்டுவிட்டால் போதும், புதுக்கோட்டை என்று ஆரம்பித்துவிடுவேன், அப்புறம் நாக்கு நிற்காது. இரண்டாயிரம் வருஷத்துப் பக்கம் போகிற சமணத் துறவிகளின் கல்படுக்கை, ஆயிரத்து நூறு வருஷத்துக்கு மேற்பட்ட ஓவியம், பாறையில் வெட்டி வைத்த சங்கீதப் பாடம், வேளிர் எடுத்த கோயில், சேதுபதி எழுப்பிய கோட்டை, அத்தனையும் ஊரிலிருந்து ஒரு மணி நேர வண்டித் தூரத்துக்குள்! ஒரே மாவட்டத்தில் இவ்வளவும் எப்படிச் சேர்ந்தது என்று இன்னும் எனக்கு ஆச்சரியம் அடங்கவில்லை. திருச்சியிலிருந்து மதுரைக்கும் ராமேஸ்வரத்துக்கும் பறக்கிற கார்களெல்லாம் இந்த மொட்டைப் பாறைகளை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டேதான் போகின்றன. "நிறுத்துங்க, ஐயா, நிறுத்துங்க!" என்று ரோட்டோரமாய் நின்று கத்த வேண்டும்போல இருக்கும் எனக்கு.

போவது பாதி சுகம் என்றால், திட்டம் போடுவது மீதி. கூடத்தில் வரைபடத்தை விரித்துப் போட்டு, மூலைக்கு ஒரு டம்ளர் வைத்து, புதுக்கோட்டை சமஸ்தானம் 1929-இல் அச்சிட்ட கல்வெட்டுத் தொகுதியையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு ராத்திரி உட்காருங்கள், தூக்கம் வந்தால் என்னைக் கேளுங்கள். சொந்தக்காரர்கள், கூட்டாளிகள், அத்தை, அத்தை பேத்தி என்று ஒரு வேன் நிறையச் சேர்ந்ததும் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, "எது பக்கம், எதை முதலில் முடிக்கலாம்?" என்பதுதான். அங்கேதான் நான் பிடிவாதமாக நின்றேன். கிலோமீட்டர் கணக்கில் போகக்கூடாது, வெயில் கணக்கில் போக வேண்டும்! எந்தப் பாறை எப்போது சுடும், எந்த மண்டபம் உச்சி வெயிலிலும் குளுகுளு என்றிருக்கும், எந்த விமானத்துக்குச் சாயங்கால வெளிச்சம் வேண்டும் என்று பார்த்து வரிசைப்படுத்துங்கள். அப்படிப் போட்டால் சித்தன்னவாசல் காலை, குடுமியான்மலை பகல், நார்த்தாமலை மாலை. மறுநாள் கொடும்பாளூர், அருங்காட்சியகம், திருமயம். இந்த வரிசையை யார் சொல்லியும் நான் மாற்ற மாட்டேன்.

சித்தன்னவாசலில் கதவு திறக்கும்போதே முதல் ஆளாய் நில்லுங்கள். ஓவியத்துக்கு ஓடாதீர்கள், முதலில் மலை மேல் ஏழடிப்பட்டம். வெறும் பாறையில் ஏறி, உச்சியைத் தாண்டி, மறுபக்கம் சரிவில் ஒட்டி இறங்கினால் ஒரு குகைத்தளம். கம்பியைப் பிடித்துக்கொண்டு நகரும்போதே கீழே வயல்வெளி மொத்தமும் விரிந்து காற்று காதில் உய்யென்று ஊதும். உள்ளே வழவழவென்று தேய்த்த பதினேழு கல்படுக்கைகள், தலைமாட்டில் கல்லையே லேசாக மேடாக்கிச் செதுக்கியிருக்கிறார்கள், அம்மா பழஞ்சேலையை மடித்துத் தலைக்கு வைத்துவிட்ட மாதிரி! ஒரு படுக்கையோரம் தமிழ் பிராமி எழுத்து. மற்றவற்றில் பல நூற்றாண்டு கழித்து வந்த துறவிகளின் பெயர்கள். நினைத்துப் பாருங்கள், தலைமுறை தலைமுறையாக இதே பாறைக்கு ஆள் வந்துகொண்டே இருந்திருக்கிறது, படுத்திருக்கிறது, பட்டினி கிடந்திருக்கிறது, இதே காற்றைக் கேட்டிருக்கிறது. கையை வைத்துப் பார்த்தேன், காலைக் குளிர் கல்லில் அப்படியே இருந்தது, எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

அப்புறம் இறங்கி, அந்த ஓவியம் இருக்கிற அறிவர் கோயில். தலையைத் தூக்குங்கள்! விதானம் முழுக்கத் தாமரைக்குளம். இலை, மொட்டு, மலர், நடுவில் மீன், அன்னம், எருமை, யானை, பூப்பறிக்கிற மனிதர்கள், ஒருவர் தோளில் தண்டோடு சாய்த்த தாமரை. தீர்த்தங்கரர் அறம் சொல்லும் சபையான சமண சமவசரணத்தில் பவ்வியர்கள், அதாவது வீடுபேற்றுக்குத் தகுதியான அடியார்கள், இறங்கிப் பூக்கொய்யும் குளம் இது என்கிறார்கள் அறிஞர்கள். தூண்களில் ஆடும் பெண்கள் இருவர், ஒருத்தியின் கை வீச்சை மட்டும் கால் மணி நேரம் பார்க்கலாம். பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டில், மதுரையிலிருந்து வந்த இளங்கௌதமன் என்ற ஆசிரியர் இந்தக் கோயிலைப் புதுப்பித்தார் என்று வெளியே பாறையிலேயே வெட்டியிருக்கிறது. நிறம் மங்கிவிட்டது, சில இடம் உதிர்ந்தும் போயிற்று, அதனால் என்ன? கண் அந்த இருட்டுக்குப் பழகப் பழக ஒவ்வொரு மீனாக வெளியே வருகிறதே, அது போதாதா! கருவறைக்குள் எங்கள் வழிகாட்டி ஐயா, ஓய்வு பெற்ற தமிழாசிரியர், எல்லாரையும் சும்மா இருக்கச் சொல்லிவிட்டு நடுவில் நின்று வாயை மூடி 'ம்ம்ம்' என்று ஒரு நாதம் கொடுத்தார் பாருங்கள், சுவர் திருப்பிப் பாடியது, நெஞ்செலும்பு அதிர்ந்தது. அத்தை பேத்தி "இன்னொரு தடவை சார், ப்ளீஸ் சார்" என்றாள். அவளுக்கு முன்னாலேயே நான் கேட்டிருந்தேன்.

அந்த நாதம் காதில் இருக்கும்போதே குடுமியான்மலைக்கு வண்டியை விட வேண்டும், அதுதான் சூட்சுமம். சிகாநாதர் கோயில் மண்டபத்தில் பத்துத்தலை இராவணனும் நரசிம்மரும் மோகினியும் ரதியும் மன்மதனும் கல்லில் மூச்சு விடுவதைப் பார்த்து வாய் பிளந்துவிட்டு, மேலைக்கோயில் குடைவரை ஓரம் போனால், அங்கே பாறைச் சரிவில் இசைக் கல்வெட்டு. எழுத்து கிரந்தம், உள்ளடக்கம் சுரங்கள். சங்கீதம் படித்தவர்களே, கொஞ்சம் உட்கார்ந்து கேளுங்கள்: ஒவ்வொரு சுரத்தையும் அ, இ, உ, எ என்று நாலு உயிர் சேர்த்து ர, ரி, ரு, ரெ என்று எழுதியிருக்கிறார்கள். மத்தியமகிராமம், சட்ஜகிராமம், சாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்தியமம், கைசிகம் என்று ஏழு பகுதி. உருத்திராசாரியரின் மாணவனான ஒரு மன்னன் மாணவர்களின் நன்மைக்காகச் செய்தது என்று முடிகிறது, அதன் கீழ் எட்டுக்கும் ஏழுக்கும் உரியது என்று தமிழில் ஒரு குறிப்பு, பக்கத்தில் பரிவாதினி என்ற யாழின் பெயர். பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் வெட்டியது என்று ஒரு காலத்தில் அடித்துச் சொன்னார்கள், இன்று பலர் அதை ஏற்பதில்லை. யார் வெட்டினால் என்ன, பாட்டு வாத்தியார் ஒருவர் பாடப் புத்தகத்தை மலையில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்! எங்களோடு வந்த வீணை டீச்சர் ஒரு வரியை விரலால் தொடாமல் தொட்டுத் தொட்டுப் படித்து, மெல்ல முணுமுணுத்துப் பார்த்தார். அவர் கண் கலங்கியது. எனக்கும்தான். மேலே நிமிர்ந்தால் மலை விளிம்பில் வரிசையாக அறுபத்து மூவர், நடுவில் காளை மேல் அம்மையும் அப்பனும். அங்கே ஏறியே ஆக வேண்டும் என்று அடம் பிடித்தவர்களில் முதல் பெயர் என்னுடையது.

இப்போது நார்த்தாமலை. ஐயோ, நார்த்தாமலையை எப்படிச் சொல்வேன்!

வெயில் சாய ஆரம்பித்ததும் மேலமலையில் ஏறுங்கள். படி அதிகம் இல்லை, பாறைதான் பாதை, செருப்பில்லாமல் நடந்தால் பகலெல்லாம் குடித்த வெயிலைப் பாறை உள்ளங்காலுக்குத் திருப்பித் தரும், வாயில் பனங்கற்கண்டு ஒரு துண்டு, முதுகில் காற்று, நீங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு வளைவைத் தாண்டுகிறீர்கள், எதிரே, மனுஷ வாடையே இல்லாத அந்தப் பாறைப் பரப்பில், தன்னந்தனியாக விஜயாலய சோழீசுவரம் நிற்கிறது! சுற்றிலும் பரிவாரக் கோயில்கள், எட்டு இருந்ததில் ஆறு மிச்சம், நடுவில் அடுக்கடுக்காய் மேலே போய் உருண்டையாக முடிகிற விமானம், அதன் தளங்களில் ஆடுகிற உருவங்கள், வாசலில் துவாரபாலகர். கிட்டப் போய்ச் சுற்றுங்கள், வெளிச்சுவர் சதுரம், உள்ளே கருவறை வட்டம், இரண்டுக்கும் நடுவில் இருட்டு நடை. சோழன் பெயர் இருந்தாலும், சாத்தன் பூதி என்ற இளங்கோவதியரையர் எடுத்த கற்றளி, இடி மழையில் சிதைந்து பின்னால் மல்லன் விடுமன் புதுப்பித்தது என்று கல்வெட்டே சொல்கிறது. ஒருவர் கட்ட, மழை அழிக்க, இன்னொருவர் ஓடி வந்து காப்பாற்ற, அந்தக் கைங்கரியத்தால் நான் இன்று இங்கே நிற்கிறேன் என்று நினைத்ததும் அந்த மல்லன் விடுமனுக்கு வாய்விட்டு நன்றி சொன்னேன், சத்தமாகவே. எதிரே இருக்கிற, சமணர் குடகு என்று பெயர் கொண்ட குகைக்குள் போனால் பன்னிரண்டு திருமால்கள், ஆளுயரத்துக்கு மேல், ஒரே அச்சில் வார்த்தது போலத் தோளோடு தோளாக! ஒரு திருமாலைப் பார்த்தாலே கை குவியும், பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் நம்மைப் பார்த்தால்? பக்கத்திலேயே பழியிலீசுவரம், முத்தரையர் மகன் சாத்தன் பழியிலி குடைந்த சின்னக் குகை. திரும்பி வெளியே வந்தால் விமானத்தின் மேல் தளங்களில் வெளிச்சம் ஏறி அந்தக் கருங்கல் மஞ்சளாகி, செம்பாகி, கீழே சுனைத் தண்ணீரும் தூரத்துக் கண்மாய்களும் பளபளக்க, மயில் ஒன்று எங்கிருந்தோ அகவ, நான் சின்னப்பிள்ளை மாதிரி கை தட்டிவிட்டேன். வழிகாட்டி ஐயா ஒன்றும் விளக்கவில்லை. பேச வேண்டிய நேரமும் பேசாதிருக்க வேண்டிய நேரமும் தெரிந்தவர்தான் நல்ல வழிகாட்டி. அப்படி ஒருவரை முதலில் பிடியுங்கள், வேனை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

ஒரு சங்கதி, பங்குனியில் போனால் அடிவாரத்து முத்துமாரியம்மனுக்குப் பூச்சொரிதல், திருவிழா, ஜே ஜே என்று கூட்டம். அமைதி வேண்டுமென்றால் மார்கழி, தை. இரண்டுமே வேண்டும் எனக்கு!

மறுநாள் கொடும்பாளூர். உறையூரிலிருந்து மதுரைக்குப் போகிற வழி மூன்றாகப் பிரிகிற இடம் என்று சிலப்பதிகாரம் சொல்லும் கொடும்பை இதுதான், கோவலனும் கண்ணகியும் கேட்ட வழி இந்த மண்ணில்தான் கிடக்கிறது. 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு வானதியின் ஊர், வேனில் பாதிப் பேர் அந்த ஒரு காரணத்துக்காகவே விடியுமுன் எழுந்து தயாராகிவிட்டார்கள். இருக்குவேள் பூதி விக்கிரமகேசரி தனக்கும் தன் தேவியர் கற்றளி, வரகுணை இருவருக்குமாக எடுத்த மூவர் கோயில், இன்று நிற்பவை இரண்டு விமானங்கள், மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும். புல்தரையில் காலைப் பனி, சுவரில் அர்த்தநாரி, கஜசம்ஹாரர், வீணை ஏந்தியவர், அந்த விரல்கள், அந்த இடுப்பு வளைவு! கல்வெட்டில் ஐம்பது காளாமுகச் சைவத் துறவிகளுக்குச் சோறு போட பதினோரு ஊர்களைக் கொடுத்த கணக்கு இருக்கிறது. இந்தப் புல்தரையில் ஐம்பது பேர் உட்கார்ந்து சாப்பிடுகிற பந்தியை மனசுக்குள் போட்டுப் பாருங்கள், இடிந்த கோயிலே கலகலவென்று ஆகிவிடும்.

மத்தியான வெயிலுக்குத் திருக்கோகர்ணம் அருங்காட்சியகம், 1910-இல் தொடங்கியது. இதை முதலில் வைப்பவர்கள் உண்டு. எனக்குச் சம்மதமில்லை, மலையைப் பார்த்துவிட்டு வந்தவன் கண்ணுக்குத்தான் அங்கே இருக்கிற ஒவ்வொரு கல்லும் உறவுக்காரனாகத் தெரியும். வெள்ளிக்கிழமை பூட்டியிருக்கும், நாள் குறிக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். சமஸ்தானத்தின் அம்மன் காசைத் தேடிப் பாருங்கள், 1948 மார்ச் 3-ஆம் தேதி இந்தியாவோடு இணைகிற வரை தனி ராஜ்ஜியமாக இருந்த ஊர் இது.

திருமயத்துக்கு மாலையில் போனோம். ஒரே பாறையின் இரண்டு குடைவரைகளில் சிவனும் பெருமாளும். பெருமாள் சயனத்தைப் பார்த்து நான் நகரவே இல்லை: மதுவும் கைடபனும் தாக்க வர, ஆதிசேஷன் நெருப்பைக் கக்க, இருவரும் தலைதெறிக்க ஓடுகிறார்கள், அவரோ நிம்மதியாகப் படுத்திருக்கிறார்! இரண்டு கோயிலுக்கும் வருமானப் பங்கீட்டில் வந்த வழக்கை 13-ஆம் நூற்றாண்டில் ஹொய்சளத் தளபதி அப்பண்ணர் முன்னின்று தீர்த்து வைத்ததைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். வழிகாட்டி ஐயா இரு தரப்பு வாதத்தையும் குரல் மாற்றி மாற்றிச் சொன்னபோது கோர்ட் வாசலில் நிற்கிற மாதிரியே இருந்தது. அப்புறம் கோட்டை, 1687-இல் சேதுபதி கட்டியது. இரும்பு ஏணி ஏறிப் பாறைக்குள் இருக்கிற லிங்கத்தைக் கும்பிட்டு, உச்சியில் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று நான்கு திசையையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், எந்தப் பக்கம் நார்த்தாமலை, எந்தப் பக்கம் குடுமியான்மலை என்று எல்லாருக்கும் கை காட்டிக்கொண்டே. அத்தை கேட்டார், "ஏன்டா, இதெல்லாம் இவ்வளவு கிட்டவா இருந்துச்சு? இத்தனை வருஷம் ஏன்டா கூட்டிட்டு வரலை?"

பெயர்ப்பலகை சில இடத்தில் இல்லை, டீக்கடையில் கேட்டால் ஆளே கூட வந்து காட்டிவிடுகிறார், அதுவும் ஒரு சுகம். காலுறை எடுத்துக்கொள்ளுங்கள், ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர், சாவி வைத்திருப்பவரிடம் முதல் நாளே ஒரு வார்த்தை. தஞ்சாவூர் வழியாகத் திரும்புகிறவர்கள் ஆதனக்கோட்டையில் கண்டிப்பாக இறங்கி, ரோட்டோரம் பெண்கள் வறுத்து உடைக்கிற முந்திரியைச் சூட்டோடு வாங்குங்கள், அந்தப் புகை வாசனைக்கே வண்டி தானாக நிற்கும்.

ஆவுடையார்கோயிலை இந்த இரண்டு நாளில் திணிக்கவே கூடாது என்று தனியாக வைத்திருக்கிறேன். மாணிக்கவாசகர் எழுப்பியதாகச் சொல்லும் கோயில், கருவறையில் லிங்கம் கிடையாது, எதிரே நந்தி கிடையாது, சுடச்சுட வடித்த சோற்றின் ஆவிதான் நைவேத்தியம், கருங்கல் கொடுங்கையில் மரச்சட்டமும் குமிழ் ஆணியும் செதுக்கி மரமென்றே நம்ப வைத்த சிற்பிகள்! அதற்கு ஒரு முழு நாள் வேண்டும், கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டும். தை பிறந்ததும் போகிறோம், வேன் பேசியாயிற்று, வழிகாட்டி ஐயாவும் சரி சொல்லிவிட்டார், பின் ஸீட்டில் நாலு இடம் காலியிருக்கிறது.