மார்க் போடுகிறவர்கள்

கவிதைக்கு மார்க் போட முடியுமா? 'முடியாது, கூடாது, மகாபாவம்' என்பவர்கள் சிகாகோ கதையைக் கேட்க வேண்டும். அங்கே 'கிரீன் மில்' என்கிற பழைய ஜாஸ் பாரில் 1986 ஜூலையில் மார்க் ஸ்மித் என்கிற கட்டடத் தொழிலாளி ஆரம்பித்த சமாச்சாரத்துக்குப் பெயர் 'பொயட்ரி ஸ்லாம்'. கவிஞர்கள் காகிதத்துக்குள் தலையைக் கவிழ்த்து முணுமுணுப்பதும், கேட்கிறவர்கள் மரியாதைக்காகக் கொட்டாவியை அடக்குவதும் அவருக்குப் பிடிக்கவில்லை. போட்டி வைத்தால் நிமிர்ந்து உட்காருவார்கள் என்று நினைத்தார். உட்கார்ந்தார்கள்.

விதிகள் சிம்பிள். கவிதை சொந்தமாக இருக்க வேண்டும். 3 நிமிஷம், கருணை அடிப்படையில் இன்னொரு 10 செகண்டு. அதையும் தாண்டினால் ஒவ்வொரு 10 செகண்டுக்கும் அரை மார்க் கட். வேஷம், வாத்தியம் கூடாது. நீதிபதிகள் 5 பேர். பேராசிரியர்கள் இல்லை, கூட்டத்தில் கண்ணில் பட்டவர்களைப் பிடித்து அட்டையைக் கொடுத்துவிடுகிறார்கள். பூஜ்யத்திலிருந்து 10 வரை, ஒரு தசமத்துடன். அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் தள்ளிவிட்டு நடு மூன்றைக் கூட்டினால் 30-க்கு இத்தனை.

இந்தத் தள்ளுபடியில் ஒரு புத்திசாலித்தனம் இருக்கிறது. நாலு பேர் 7 போட, கவிஞரின் மச்சான் மட்டும் 10 போட்டால் அந்த 10 குப்பைக்குப் போய்விடும், மொத்தம் 21-தான். மச்சான்கள் இரண்டு பேரானால்தான் தொல்லை. ஒரு 10 உள்ளே நுழைந்து 24 ஆகிவிடும். அதனால்தான் அட்டையைக் கொடுக்குமுன் 'போட்டியில் வேண்டப்பட்டவர் யாராவது உண்டா?' என்று கேட்பது அவசியமாகிறது.

தள்ளுபடியால் தீராத வியாதி ஒன்று உண்டு. 'ஸ்கோர் க்ரீப்' என்கிறார்கள். முதலில் வாசித்தவருக்கு 7 வாங்கித் தந்த தரம், ராத்திரி ஏற ஏற, பீர் இறங்க இறங்க, 9 வாங்குகிறது. ஐந்து பேரும் சேர்ந்து உயர்வதால் கணக்கு காப்பாற்றாது. இதற்காக, போட்டியில் இல்லாத ஒருவரை முதலில் வாசிக்க வைத்து நீதிபதிகள் கை பழகிக்கொள்கிறார்கள். அவருக்குச் செல்லப் பெயர், 'பலிக் கவிஞர்'. அப்புறம் வரிசைக்குச் சீட்டுக் குலுக்குகிறார்கள். இருந்தும் முதல் சீட்டு எடுத்தவர் பாவம்தான். இரண்டாவது சுற்றில் வரிசையைத் தலைகீழாக்குவது கொஞ்சம் நியாயம்.

விஷயம் இங்கேதான் சுவாரஸ்யமாகிறது. ஸ்லாமில் நீதிபதியைப் பார்த்துக் கூட்டம் ஊளையிடலாம், அது சம்பிரதாயம். கவிஞருக்குக் கைதட்டு, குறைச்சலாக மார்க் போட்டவருக்கு 'பூ'. தோற்றவருக்கு ஆறுதல், அரங்கத்துக்கு ஒட்டுறவு. ரொம்ப நல்ல வழக்கம். ஆனால் ஒரு சோகக் கவிதைக்கு 6.5 போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவர் அடுத்த கவிதைக்கு என்ன போடுவார்? 9. ஆக, க்ரீப்புக்குக் காரணம் பீர் மட்டும் இல்லை, அந்த அன்பும்தான். தோழமையும் நியாயமும் எப்போதும் ஒரே கட்சி அல்ல.

2000-ல் 'பாரிஸ் ரிவ்யூ'வில் விமர்சகர் ஹெரால்ட் ப்ளூம் இதைக் கலையின் சாவு என்றே சொல்லிவிட்டார். அது அதிகம். பாரில் உட்கார்ந்திருந்தவர்களைக் கவிதை கேட்க வைத்தது சின்னக் காரியமா? ஆனால் அவர் கோபத்தில் பாதி உண்மை இருக்கிறது. சத்தமும் காயமும் 3 நிமிஷத்தில் மார்க் வாங்கும். மெதுவாக, மறுநாள் பஸ்ஸில் போகும்போது புரிகிற கவிதை வாங்காது. எது விலை போகிறது என்று கவிஞர்கள் சீக்கிரமே கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். இதைச் சரிசெய்ய விதி கிடையாது.

'மார்க் முக்கியமல்ல, கவிதைதான்' என்பது ஸ்லாம்காரர்களின் பழைய சுலோகம். 1990-ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் துவங்கிய தேசியப் போட்டி 2018-உடன் நின்றுபோனது. ஊர் ஊராக ஸ்லாம்கள் நிற்கவில்லை. சுலோகத்தில் விஷயம் இருக்கிறது என்றுதான் தோன்றுகிறது.

என்றாவது உங்கள் கையில் அந்த அட்டை வந்தால் ஒன்று செய்யுங்கள். முதல் கவிதைக்கு என்ன அளவுகோலோ அதையே கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள். ஊளையிட்டால் சிரித்துவிட்டு, 6.8-ஐ இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடியுங்கள்.