மான்டி கார்லோ: மிளகளவு இலையில் ஒரு பச்சைக் கம்பளம்

தொட்டியின் முன்பக்கம் மண் தெரியாமல் பச்சை படர வேண்டும் என்பது, செடி வைத்து மீன் வளர்க்கும் எல்லோருக்கும் உள்ள ஆசை. அதற்கென்றே விற்கப்படும் மான்டி கார்லோவை என் 2 அடித் தொட்டியில் 4 மாதம் வளர்த்துப் பார்த்தேன்.

தாவரவியல் பெயர் மைக்ராந்தெமம் ட்வீடியை. அர்ஜென்டினாவின் மிசியோனெஸ் மாகாணத்தில் உள்ள மான்டி கார்லோ என்ற ஊரின் பெயரே செடிக்கும் வந்தது. சூதாட்ட விடுதிக்குப் பேர்போன மொனாக்கோவின் மான்டி கார்லோவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கம்பளச் செடிகளில் புகழ்பெற்ற கியூபா செடியின் இலை கடுகளவு என்றால், இதன் இலை மிளகளவு. வளர்ப்பதும் அதைவிட எளிது.

நான் வாங்கியது திசு வளர்ப்புக் கப், அதாவது ஆய்வகத்தில் ஜெல்லில் வளர்த்து மூடிய கப்பில் விற்கும் செடி. நத்தையும் பாசியும் கூடவே வந்துவிடுமோ என்ற பயம் இல்லை. வேரில் ஒட்டியிருக்கும் ஜெல்லைத் தண்ணீரில் நன்றாக அலசிவிட்டு, விரல் நுனி அளவுக்குச் சிறு சிறு கொத்துகளாகப் பிரித்தேன். நீண்ட இடுக்கியால், இலை மட்டும் வெளியே தெரிய, 3 செ.மீ. இடைவெளியில் நட்டேன். மேலோட்டமாக நட்டால் மறுநாளே மிதந்துவிடும்.

முதல் 2 வாரம் பொறுமையைச் சோதிக்கும். கப்பில் காற்றில் வளர்ந்த இலைகள் தண்ணீருக்குள் மஞ்சளாகிக் கரையும். செத்துவிட்டது என்று பிடுங்கிவிடாதீர்கள். கணுவில் புதுத்துளிர் வரும். 3ஆம் வாரம் தண்டுகள் மண்ணோடு ஒட்டி ஓடத் தொடங்கின. 8ஆம் வாரம் மண் மறைந்தது. விளக்கு எரிந்து சில மணி நேரத்தில் ஒவ்வொரு இலையிலும் ஆக்சிஜன் குமிழி முத்துப்போல் திரண்டு, ஒவ்வொன்றாகப் பிரிந்து மேலே போகும். அதைப் பார்க்கவே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவேன்.

இந்த வேகத்துக்குக் காரணம் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் ஒரு நாளைக்கு 7 மணி நேர வெளிச்சமும். வாயு இல்லாமலும் வளரும், ஆனால் மெதுவாக. வெளிச்சமும் குறைந்தால் படராமல் மேல்நோக்கி நீளும். வெளிச்சத்தை மட்டும் கூட்டினால் பாசிதான் பிடிக்கும்.

பெரிய குறை ஒன்று உண்டு. இது ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி மெத்தைபோல் தடிக்கும். அடியில் வெளிச்சம் படாத தண்டுகள் பழுத்து அழுகும். ஒருநாள் கம்பளமே பெயர்ந்து மேலே வந்துவிடும். 3ஆம் மாதம் என் தொட்டியின் ஒரு மூலை அப்படித்தான் கிளம்பியது. புரட்டிப் பார்த்தால் அடியில் ஒரு பச்சை இலைகூட இல்லை, எல்லாம் பழுப்பு. அதற்குப் பிறகு 3 வாரத்துக்கு ஒருமுறை, வளைந்த கத்தரிக்கோலால் 2 செ.மீ. உயரத்துக்கு வெட்டிவிடுகிறேன். வெட்டிய துண்டுகளை உடனே வலையால் அள்ளிவிட வேண்டும்; விட்டால் வடிகட்டியை அடைக்கும்.

வெயில் காலத்தில் தண்ணீர் 28 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டியின் மேல் ஒரு சிறிய மின்விசிறி வைத்தாலே சூடு ஓரளவு இறங்கும்.

என் தீர்ப்பு: வாயு சிலிண்டரும் நல்ல விளக்கும் இருந்தால், முதல் கம்பளச் செடியாகத் தயங்காமல் வாங்கலாம். வாங்கும் அன்றே வளைந்த கத்தரிக்கோலும் ஒன்று வாங்கிவிடுங்கள்.