இரண்டு சிம், ஒரே மலை

இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஒரே போனில் இரண்டு சிம் வைத்திருப்பவர்கள் ஏராளம். வரிசை வீடான லயத்து வாசலில் ஒன்று எடுக்கும். மேட்டுமலைக்கு ஏறினால் மற்றது எடுக்கும். 2020இல் பள்ளிக்கூடங்கள் மூடியபோது பிள்ளைகள் போனும் கையுமாகக் கவரேஜ் தேடி மலையேறினார்கள். இரண்டு வழியிலும் ஒரே நேரத்தில் டேட்டா போகும் என்றால் அவர்களுக்கு இனிக்காதா?

அப்படியொரு நெறிமுறை இருக்கிறது. டேட்டா அனுப்பும் வழக்கமான டிசிபி நெறிமுறையின் பல பாதை வடிவம் அது; மல்டிபாத் டிசிபி என்று பெயர். 2013 ஜனவரியில் சோதனை வடிவில் வெளியானது. 2020இல் திருத்திய பதிப்பு வந்தது. அதே ஆண்டு லினக்ஸ் கெர்னல் 5.6இலும் சேர்ந்தது.

இது வேலை செய்யும் விதத்துக்குத் தோட்டத்து உதாரணம் ஒன்று: மடுவத்தில் எடைபோட்ட கொழுந்தை இரண்டு லொறிகளில் தேயிலை ஸ்டோருக்கு அனுப்புகிறோம். சாக்குகளுக்கு எண் போட்டிருக்கிறது, எண் வரிசைப்படிதான் அவிழ்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லொறி நின்றுபோனால், அதில் போன எண்களை மற்றதில் மறுபடி அனுப்பலாம். மல்டிபாத்தின் உண்மையான பலம் இந்த அறுபடாமைதான், வேகம் அப்புறம். 2013இல் ஆப்பிள் தன் குரல் உதவியாளரான சிரிக்கு (Siri) இதைப் போட்டதும் வைஃபை நழுவும்போது பேச்சு அறுந்துவிடக்கூடாது என்றுதான்.

கோளாறும் அதே வரிசையில் இருக்கிறது. ஐந்தாம் சாக்கு மெதுவான லொறியில் மாட்டிக்கொண்டால், ஆறு முதல் இருபது வரை வாசலில் வந்து கிடந்தும் பயனில்லை. நல்ல பாதையோடு நோஞ்சான் பாதையைச் சேர்த்தால், நல்லதும் சில நேரம் கெட்டுப்போகும். எதை எந்த வழியில் அனுப்புவது என்று பிரிக்கும் நிரலின் சாமர்த்தியத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

மறுமுனை சர்வருக்கும் இந்த மொழி தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் சத்தமில்லாமல் சாதாரண டிசிபிக்குத் திரும்பிவிடும். வடிவமைத்தவர்களின் புத்திசாலித்தனம் இதில்தான் தெரிகிறது. ஆப்பிளுக்கு இரு முனையும் சொந்தம், நமக்கு அப்படியா?

லயத்துக்குப் பொருந்தாத இடம் இன்னொன்று. பெரும்பாலான இரட்டை சிம் போன்களில் ஒரு நேரத்தில் ஒரு சிம்மில்தான் டேட்டா ஓடும். வைஃபை இல்லாத காம்பராவில் இரண்டாவது பாதை எங்கிருந்து வரும்? வந்தாலும் இரண்டுக்கும் ரீலோட் போட வேண்டும்.

பாதைகள் தனித்தனியாக இருந்தால்தான் இரண்டு என்ற கணக்குக்கு அர்த்தம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்தபோது மலையகத்தில் வீதியும் ரயில் பாதையும் சேர்ந்தே அறுந்தன. கரண்டும் போய் டவர்கள் பல ஊமையாயின. இரண்டு சிம்மும் ஒரே மேட்டை, ஒரே கரண்டை நம்பியிருந்தால் எந்த நெறிமுறையும் கைகொடுக்காது.

மறுமுனை சர்வரும் ஒத்துழைத்தால், வைஃபை உள்ள டவுன் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் மல்டிபாத் இன்றே உதவும். லயத்துக்கு முதலில் வேண்டியது வேறொரு மேட்டில், தனி பேட்டரியோடு இன்னொரு டவர்.