'ஹெவெல்' என்னும் எபிரேயச் சொல்லும் 'மாயை' என்னும் மொழிபெயர்ப்பும்

பழைய ஏற்பாட்டிலுள்ள பிரசங்கி நூல் ஒரு சொல்லை அடித்தளமாகக் கொண்டு எழுந்தது. 'ஹெவெல்' என்னும் அச்சொல் நூலில் 38 இடங்களிற் பயில்கின்றது. முதலதிகாரத்தின் இரண்டாம் வசனத்தில் மட்டும் ஐந்து முறை வருகின்றது. அங்குள்ள 'ஹவேல் ஹவாலீம்' என்ற தொடர், நம்மிடையே வழங்கும் 'மன்னர் மன்னன்' என்பது போல, மிகுதிப்பொருள் உணர்த்தும் எபிரேய வழக்காகும். புரட்டஸ்தாந்தத் திருச்சபையினர் நெடுங்காலமாக வழங்கிவரும் தமிழ் வேதாகமம் இச்சொல்லை 'மாயை' எனப் பெயர்த்துள்ளது. இது பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

ஹெவெல் என்பதன் அடிப்படைப் பொருள் மூச்சு, ஆவி என்பதாம். ஏசாயா 57:13 இதனைக் காற்றுக்கு இணையாக நிறுத்துகின்றது. சங்கீதம் 144:4 மனித வாழ்நாளைக் கடந்துபோகும் நிழலோடு சேர்த்து இச்சொல்லாற் சுட்டுகின்றது. இளமையிற் கொலையுண்ட ஆபேலின் எபிரேயப் பெயரும் இதுவே. கிரேக்க எழுபதின்மர் மொழிபெயர்ப்பு பயனின்மை என்ற கருத்தை மேற்கொண்டது. எரோனிமுசின் இலத்தீனும் அவ்வழியே சென்றது. ஆயினும் அக்கீலா முதலிய ஏனைய கிரேக்க மொழிபெயர்ப்பாளர் ஆவி என்றே பெயர்த்தனர் என்பதை எரோனிமுசே தம் உரையிற் குறித்துள்ளார். உருவகம் கருத்தாக மாறியது மொழிபெயர்ப்பிலேயே என்பது இதனால் விளங்கும்.

இனி, 'மாயை' வெறும் பொதுச்சொல் அன்று. சைவசித்தாந்தத்தில் அது மும்மலங்களுள் ஒன்று. தனு, கரண, புவன, போகங்களுக்கு முதற்காரணமாய் அழியாது நிற்கும் உள்பொருள். ஆகவே எல்லாம் மாயை என்ற கூற்றைச் சித்தாந்தம் கற்றவர் நோக்கின், நிலையாமைக்கு மாறாக நிலைபேறுடைய ஒன்றே தோன்றும். கேவலாத்துவித நோக்கிலோ உலகம் மெய்போலத் தோன்றும் பொய்யாகிவிடும். பிரசங்கி உலகைப் பொய் என்றாரல்லர். ஹெவெலான வாழ்நாளெல்லாம் அன்பு மனைவியோடு மகிழ்ந்திரு என்னும் கருத்து 9:9இல் வருகின்றது. பொய்த்தோற்றத்தை மகிழ்ந்து நுகருமாறு எவரும் அறிவுறுத்தார். குறுகிய வாழ்வையே அவ்வாறு நுகரச் சொல்லலாம்.

பிற்காலக் கத்தோலிக்க மொழிபெயர்ப்பு 'வீண்' என்கின்றது. மயக்கம் நீங்கியது, ஆயின் மூச்சென்னும் உருவகமும் உடன் நீங்கிற்று. 'நிலையாமை' எனலாமோவெனின், அது நம் மரபில் துறவுக்கு வாயிலாகும். பிரசங்கியோ உண்டு குடித்து மகிழ்தலையே இறைவன் அருளிய பங்காகக் காண்கின்றார். மிகப் பொருத்தமான சொல் 'ஆவி'. நீராவியையும் மூச்சையும் அது ஒருங்கே குறிக்கும். ஆனால் 'ருஆஹ்' என்பதற்கு ஈடாகிப் பரிசுத்த ஆவி என வழங்கிவிட்டமையால் அவ்வாயில் அடைபட்டது.

நீதிமான் துன்மார்க்கனுக்குரிய விளைவைப் பெறுதலும் 8:14இல் ஹெவெல் எனப்படுகின்றது. இத்தகைய இடங்களைக் கொண்டு மைக்கேல் ஃபாக்ஸ் 1986இல் முரண், அபத்தம் என்ற பொருளை முன்வைத்தார். இடத்திற்கேற்பச் சொல்லை மாற்றின் நூலின் கட்டுக்கோப்பு சிதையும். எனவே எங்கும் 'மூச்சு' என்ற ஒரு சொல்லையே ஆண்டு, வேறுபாட்டை உரையில் விளக்குதலே தக்கது. வழிபாட்டில் வேரூன்றிய 'மாயை' அங்கு நிலவலாம். ஆய்வுப் பதிப்பில் அதற்கு இடமின்று.